முதுகுல மாட்டுற சவுண்ட் சிஸ்டம்: எது பழசா இருக்கலாம், எது கூடாது?

என்.எஸ்.எஸ். கேம்ப் ஊர்வலம், வீதி நாடகம், கிரவுண்ட்ல டான்ஸ் ரிகர்சல். மூணுக்கும் ஒரே தலைவலிதான். கரண்ட் பாயிண்ட் இருக்கிற இடத்துல கூட்டம் இருக்காது, கூட்டம் இருக்கிற இடத்துல கரண்ட் பாயிண்ட் இருக்காது. யாராவது ஒருத்தர் தொண்டை கிழியக் கத்துவாங்க, மூணாவது வரிசைக்கு மேல எதுவும் கேட்காது.

கடையில பெரிய பார்ட்டி ஸ்பீக்கர் கிடைக்குது. விலையைப் பார்த்தா கிளப் பட்ஜெட் அங்கேயே காலி. ஆனா நம்ம வீட்டுப் பரண்லயும் காயலான் கடையிலயும் நல்ல நிலைமையில இருக்கிற ஆடியோ சாமான் ஏகப்பட்டது தூசி படிஞ்சு கிடக்கு. பழைய 5.1 ஹோம் தியேட்டர், கார்ல இருந்து கழட்டின ஸ்பீக்கர், யூ.பி.எஸ். பேட்டரி. இதையெல்லாம் வச்சு ஒரு பேக்பேக்ல அடங்குற சவுண்ட் சிஸ்டம் கட்ட முடியுமா? முடியும். ஆனா ஒரு விஷயத்தை முதல்லயே தெளிவா வச்சுக்கணும்.

பழசுல ரெண்டு வகை இருக்கு. பழுதானா சத்தம் மட்டும் நின்னு போற பழசு ஒண்ணு. பழுதானா தீப்பிடிக்கிற பழசு இன்னொண்ணு. முதல் வகையை தாராளமா எடுத்துக்கலாம். ரெண்டாவது வகையை முதுகுல மாட்டவே கூடாது. இந்த ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறதுன்னு ஒவ்வொரு பார்ட்டா பார்ப்போம்.

முதல்ல வாட் கணக்கு

பழைய டேப்ரெக்கார்டர், ஹோம் தியேட்டர் பெட்டிகள்ல "2000 வாட் பி.எம்.பி.ஓ." அப்படின்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. அந்த பி.எம்.பி.ஓ.வுக்கு எந்த ஸ்டாண்டர்டும் கிடையாது. கம்பெனி இஷ்டத்துக்குப் போட்ட நம்பர். அதை மறந்துடுங்க.

சத்தம் எவ்வளவு வரும்னு முடிவு பண்றது ரெண்டு விஷயம். ஆம்ப் நிஜமா கொடுக்கிற வாட் ஒண்ணு, ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டி இன்னொண்ணு. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்துல அளந்தா எத்தனை டெசிபல் வருதோ, அதுதான் சென்சிட்டிவிட்டி. ஹோம் தியேட்டரோட குட்டி 3 இன்ச் சேட்டிலைட் ஸ்பீக்கர்ல இது 84 டெசிபல் பக்கம் இருக்கும். 6 இன்ச் கார் ஸ்பீக்கர்ல 88 - 90 டெசிபல் வரும். ஊர்த் திருவிழால கட்டுற குழாய் ஸ்பீக்கர்ல 105-ஐத் தாண்டும். அதனாலதான் சின்ன ஆம்ப்ல ஓடினாலும் அது மூணு தெருவுக்குக் கேட்குது. என்ன, அதுல பேஸ் சுத்தமா வராது.

6 டெசிபல் வித்தியாசம்னா சின்னதா தோணும். ஆனா ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பவர் ரெண்டு மடங்கு ஆகணும். அதாவது 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்து வாங்குற சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்லயே கொடுத்துடும். காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோண வைக்க சுமார் 10 டெசிபல் ஏறணும், அதாவது பவர் 10 மடங்கு. கரண்ட்ல ஓடுற செட்டுக்கு இது பெரிய விஷயம் இல்ல. பேட்டரியை முதுகுல தூக்கிட்டு நடக்கிற நமக்கு இதுதான் எல்லாமே. நல்ல சென்சிட்டிவிட்டி இருக்கிற ஸ்பீக்கரைத் தேடிப் பிடிச்சா, பேட்டரி வெயிட்டைக் குறைச்சுக்கலாம்.

ஸ்பீக்கர்: பழசு தாராளமா போதும்

இன்னைக்கு நாம பார்க்கிற காயில்-கோன் ஸ்பீக்கரை செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக்னு ரெண்டு என்ஜினியர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனில 1925-ல உருவாக்கினாங்க. அடிப்படை டிசைன் இன்னைக்கும் அதேதான்: ஒரு காந்தம், அதுக்குள்ள ஒரு காயில், காயில்ல ஒட்டின கோன். அதனால 15 வருஷத்துக்கு முன்னாடி கார்ல மாட்டின ஸ்பீக்கர், நல்ல நிலைமையில இருந்தா, இன்னைக்கு வாங்குற புதுசை விட எந்த விதத்துலயும் குறைஞ்சது இல்ல.

சென்னைல இருக்கிறவங்களுக்கு கார் ஸ்பீக்கருக்குப் புதுப்பேட்டை, ஆம்ப் போர்டு, கனெக்டர் மாதிரி சாமானுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். மத்த ஊர்க்காரங்க கார் ஆடியோ கடையில போய் "கழட்டின ஸ்பீக்கர் இருக்கா?"ன்னு கேளுங்க. புது செட் மாட்டுறவங்க கம்பெனி ஸ்பீக்கரை அங்கேயே விட்டுட்டுப் போவாங்க.

கையில மல்டிமீட்டரும் ஒரு பென்சில் பேட்டரியும் எடுத்துட்டுப் போங்க. நாலே டெஸ்ட்தான்.

1. மல்டிமீட்டர்ல ரெசிஸ்டன்ஸ் பாருங்க. 4 ஓம் ஸ்பீக்கர்ல 3.2 - 3.8 காட்டும். 8 ஓம் ஸ்பீக்கர்ல 5.5 - 7 காட்டும். ஒண்ணுமே காட்டலன்னா காயில் அறுந்திருக்கு.

2. கோனை ரெண்டு பக்கமும் விரல் வச்சு, சமமா, மெதுவா உள்ள அமுக்குங்க. "கர கர"ன்னு உரசினா காயில் கோணலாகிடுச்சு. வேண்டாம்.

3. கோனைச் சுத்தி இருக்கிற விளிம்பைப் பாருங்க. ரப்பர், துணி விளிம்பு பல வருஷம் தாங்கும். ஸ்பாஞ்ச் மாதிரி ஃபோம் விளிம்பு நம்ம ஊர் ஈரக் காத்துல உதிர்ந்துடும். விரல் பட்டா பொடியா வந்தா விட்டுடுங்க.

4. 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு செகண்ட் தொட்டு எடுங்க. "டப்"னு சத்தம் வந்து கோன் முன்னாடி வந்தா, பேட்டரியோட பிளஸ் எந்த டெர்மினல்ல பட்டுச்சோ அதுதான் ஸ்பீக்கரோட பிளஸ். மார்க்கர்ல குறிச்சு வச்சுக்கோங்க. ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணை மாத்தி இணைச்சா, ஒண்ணு முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்கும், பேஸ் காணாமப் போயிடும்.

நம்ம டிசைனுக்கு ஒரே மாடல்ல ரெண்டு 6 இன்ச், 4 ஓம் கார் ஸ்பீக்கர் எடுத்துக்குவோம்.

பெட்டி: சத்தத்துல பாதி இங்க இருக்கு

ஸ்பீக்கரைச் சும்மா கையில பிடிச்சுப் பாட்டு போட்டுப் பாருங்க, தகர டப்பா மாதிரி கேட்கும். கோன் முன்னாடி தள்ளும்போது பின்னாடி காத்து குறையுது. முன்னாடி ஏறின அழுத்தம் ஓரமா சுத்தி வந்து பின்னாடி இருக்கிற பள்ளத்தை நிரப்பிடுது. பேஸ் அங்கேயே அடிபட்டுப் போகுது. முன்னாடி காத்தையும் பின்னாடி காத்தையும் பிரிக்கிறதுதான் பெட்டியோட வேலை.

எட்கர் வில்ச்சர்னு ஒருத்தர் 1954-ல ஒரு படி மேல போனார். காத்துப் போகாத சின்னப் பெட்டிக்குள்ள அடைபட்ட காத்தையே ஸ்பிரிங் மாதிரி பயன்படுத்தினா, சின்ன சைஸ்லயும் சுத்தமான பேஸ் வாங்கலாம்னு செஞ்சு காட்டினார். நமக்கும் அந்த மூடின பெட்டிதான் சரி. ஓட்டை போட்டு டியூப் வைக்கிற பெட்டிக்கு ஸ்பீக்கரோட அளவுகள் துல்லியமா தெரியணும், காயலான் கடையில டேட்டாஷீட் கிடைக்காது.

உள் அளவு உயரம் 40 செ.மீ., அகலம் 24 செ.மீ., ஆழம் 14 செ.மீ. வச்சா சுமார் 13.4 லிட்டர் வரும். ஒரு ஸ்பீக்கருக்கு 6.7 லிட்டர். காலேஜ் பேக்ல நிக்கிற சைஸ்தான், ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி உங்க பையை அளந்துடுங்க. 9 மி.மீ. பிளைவுட்ல செஞ்சா வெறும் பெட்டி 2 கிலோ பக்கம் வரும். ரெண்டு ஸ்பீக்கரையும் பக்கத்துல பக்கத்துல வைக்காம ஒண்ணுக்கு மேல ஒண்ணா வைங்க. அப்பத்தான் சைடுல நிக்கிறவங்களுக்கும் சத்தம் ஒரே மாதிரி போகும்.

கார் ஸ்பீக்கரை கார் கதவுக்குள்ள இருக்கிற பெரிய இடத்துக்காக டிசைன் பண்ணியிருப்பாங்க. சின்னப் பெட்டில போட்டா குரல் கொஞ்சம் "பூம் பூம்"னு வீங்கும். அதுக்கு மருந்து நம்ம வீட்டுலயே இருக்கு: பழைய தலையணை இலவம்பஞ்சு. ஒரு மெல்லிய துணிப்பையில போட்டு உள்ள தளர்வா நிரப்புங்க. துணி இல்லாம போட்டா பஞ்சு பறந்து காயிலுக்குள்ள போயிடும்.

மூலைகளை ஃபெவிகால், ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டு, வயர் வெளிய வர்ற ஓட்டையை எம்-சீல் வச்சு அடைச்சுடுங்க. பெட்டி சரியா அடைஞ்சிருக்கான்னு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. ஒரு ஸ்பீக்கர் கோனை மெதுவா உள்ள அமுக்கினா இன்னொரு கோன் வெளிய வரணும், அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் கொஞ்ச நேரம் அப்படியே நிக்கணும். டக்னு பழைய இடத்துக்குப் போயிட்டா எங்கேயோ காத்து கசியுது.

ஆம்ப்: பழசும் ஓடும், புதுசு நல்லது

நம்ம ஊர் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் "4440 ஐ.சி. போட்டுக்கோ தம்பி"ன்னு சொல்வாங்க. சான்யோவோட எல்.ஏ. 4440 நிஜமாவே நல்ல ஐ.சி., 12 வோல்ட்லயே ஓடும், ஸ்டீரியோல ஒரு சேனலுக்கு 6 வாட் கொடுக்கும். பழைய செட்ல இருந்து நல்லா ஓடுற போர்டு கிடைச்சா அதை வச்சே ஆரம்பிக்கலாம். ஆனா அது கிளாஸ் ஏ.பி. வகை. பேட்டரில இருந்து எடுக்கிற பவர்ல பெரும் பங்கு ஹீட்சிங்க்ல சூடா போயிடும்.

கிளாஸ் டி வகை ஆம்ப் டிரான்சிஸ்டரை முழுசா ஆன், முழுசா ஆஃப்னு வேகமா மாத்தி மாத்தி ஓட்டும். அதனால 90 சதவீதம் பக்கம் எஃபிஷியன்சி வரும். டி.பி.ஏ. 3116 ஐ.சி. போட்ட போர்டு ரிச்சி ஸ்ட்ரீட்லயும் ஆன்லைன்லயும் சாதாரணமா கிடைக்குது. இந்த ஒரு பார்ட்டை மட்டும் புதுசா வாங்கினா பேட்டரி சைஸ் குறையும், கணக்குப் பார்த்தா லாபம்தான்.

ஆனா போர்டுல "50 வாட் + 50 வாட்"னு போட்டிருக்கே, அது 21 வோல்ட் சப்ளைல வர்ற கணக்கு. நம்ம பேட்டரி 12 வோல்ட். இந்த ஐ.சி. பிரிட்ஜ் முறையில ஓடுறதால ஸ்பீக்கருக்கு உச்சபட்சம் 12 வோல்ட் பீக் கொடுக்க முடியும். ரூட் 2-ஆல வகுத்தா 8.5 வோல்ட் ஆர்.எம்.எஸ். அதோட வர்க்கத்தை 4 ஓம்ல வகுத்தா 18 வாட். அதே 8 ஓம் ஸ்பீக்கர்னா 9 வாட்தான். இதனாலதான் 4 ஓம் தேடச் சொன்னேன். சின்ன இழப்பெல்லாம் கழிச்சா சேனலுக்கு 15 வாட்னு வச்சுக்கலாம்.

இப்ப சத்தம் எவ்வளவுன்னு பார்ப்போம். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 15 வாட் கொடுத்தா 1 மீட்டர்ல 100 டெசிபல் பக்கம். ரெண்டு ஸ்பீக்கர் சேர்ந்து அதிகபட்சம் 106. திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆக ஆக 6 டெசிபல் குறையும். 16 மீட்டர்ல 82. இது உச்சம். பேச்சோட சராசரி அதுக்கு 10 - 12 டெசிபல் கீழ இருக்கும், அதாவது 70 பக்கம். சாதாரணப் பேச்சு 1 மீட்டர்ல 60 டெசிபல்தான். அப்போ 16 மீட்டர் தள்ளி நிக்கிறவருக்கும் நம்ம பேச்சு தெளிவாவே போய்ச் சேரும்.

பேட்டரி: இங்க மட்டும் சிக்கனம் வேண்டாம்

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரிச்சு, உள்ள இருக்கிற 18650 செல்லை எடுத்து பேக் கட்டுற வீடியோ ஏகப்பட்டது இருக்கு. 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், பார்க்க அழகா இருக்கும். ஆனா அந்தப் பேட்டரியை ஏன் தூக்கிப் போட்டாங்கன்னு யோசிங்க. செல்கள் ஒண்ணொண்ணும் ஒவ்வொரு அளவுக்கு வயசாகியிருக்கும். மூணு செல்லை சீரிஸ்ல போட்டா, பலவீனமான செல் முதல்ல காலியாகும், சார்ஜ் ஏத்தும்போது அதுவே முதல்ல அளவு மீறும். 2 வோல்ட்டுக்குக் கீழ ரொம்ப நாள் கிடந்த செல்லுக்குள்ள செம்புத் தகடு கரைஞ்சு, திரும்ப சார்ஜ் ஏத்தும்போது உள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்பு இருக்கு. உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் எரியக்கூடியது. வெளிய இருந்து வோல்டேஜ் பார்த்தா எல்லாம் நல்லாவே தெரியும், அதுதான் ஆபத்து.

மேல புது ஸ்லீவ் சுத்தி "9900 எம்.ஏ.எச்."னு போட்டு விக்கிற 18650-ஐயும் நம்பாதீங்க. நல்ல கம்பெனி செல்லே பெரும்பாலும் 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

டேபிள் மேல வச்சு, கண்ணு முன்னாடி டெஸ்ட் பண்றது வேற. மூடின பை, மே மாச வெயில், முதுகை ஒட்டி ஒரு பேட்டரி, கழட்ட ரெண்டு தோள் பட்டை. இது முழுக்க வேற. பழைய லித்தியம் செல் இந்த புராஜெக்ட்ல வேண்டவே வேண்டாம்.

நமக்கு ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, யூ.பி.எஸ்.ல வர்ற 12 வோல்ட், 7 ஏ.எச். சீல்டு லெட் ஆசிட் பேட்டரி. இது பழசா கிடைச்சாலும் டெஸ்ட் பண்ணி எடுக்கலாம், ஏன்னா இது பெரும்பாலும் மெதுவாத்தான் சாகும். முழுசா சார்ஜ் பண்ணி சில மணி நேரம் சும்மா வைங்க, 12.7 வோல்ட் பக்கம் நிக்கணும். அப்புறம் வண்டி இண்டிகேட்டரோட 12 வோல்ட், 21 வாட் பல்பை மாட்டுங்க. புது பேட்டரி சுமார் 3 மணி நேரம் தாங்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள 11 வோல்ட்டுக்கு இறங்கிட்டா அது கதை முடிஞ்சது. உப்பியிருந்தா, கசிஞ்சிருந்தா டெஸ்ட்டே வேண்டாம், பேட்டரி கடையில திருப்பிக் கொடுத்துடுங்க. இதோட குறை வெயிட்: 2 கிலோவுக்கு மேல.

ரெண்டாவது வழி, புது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக். 3.2 வோல்ட் செல் நாலு சீரிஸ்ல, 12.8 வோல்ட், 6 ஏ.எச்., உள்ள பி.எம்.எஸ். இருக்கணும். வெயிட் முக்கால் கிலோ பக்கம்தான் வரும். லேப்டாப் செல்லை விட சூட்டைத் தாங்கும். 14.6 வோல்ட்ல கட் ஆகுற, இதுக்குன்னே வர்ற சார்ஜர்தான் போடணும். பட்ஜெட்டை எங்க செலவு பண்றதுன்னு கேட்டா நான் இங்கன்னுதான் சொல்வேன்.

எவ்வளவு நேரம் ஓடும்? பாட்டுலயும் பேச்சுலயும் சராசரி பவர் உச்சத்துல எட்டுல ஒரு பங்கு இருந்தா அதிகம். 30 வாட் சிஸ்டத்துக்கு 4 வாட், ஆம்ப்போட சொந்தச் செலவு, ப்ளூடூத் எல்லாம் சேர்த்து 6 வாட்னு வைங்க. 7 ஏ.எச். பேட்டரில 84 வாட்-ஹவர் இருக்கு, பேட்டரி ஆயுசுக்காக 50 மட்டும் பயன்படுத்தினாலும் 8 மணி நேரம் வரும். ஒரு முழு நாள் கேம்ப்புக்குப் போதும்.

எந்த பேட்டரியா இருந்தாலும் பைக்குள்ள வச்சு சார்ஜ் போடாதீங்க. லெட் ஆசிட் அதிகமா சார்ஜ் ஆனா ஹைட்ரஜன் விடும். வெளிய எடுத்து, காத்தோட்டமா வச்சுத்தான் சார்ஜ்.

வயரிங்ல மூணு விதி

ஒண்ணு, பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 5 ஆம்பியர் ஃபியூஸ். உச்ச சத்தத்துலயே நம்ம செட் 3 ஆம்பியர் பக்கம்தான் எடுக்கும். பைக்குள்ள வயர் உரசி ஷார்ட் ஆனா ஃபியூஸ் போகணும், வயர் எரியக் கூடாது. ஃபியூஸை ஆம்ப் பக்கத்துல வச்சா பிரயோஜனமே இல்ல.

ரெண்டு, டி.பி.ஏ. 3116-ல ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்ட் கிடையாது. ரெண்டு சேனலோட மைனஸையும் சேர்த்துக் கட்டினாலோ, கிரவுண்டோட இணைச்சாலோ ஐ.சி. போயிடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியா ரெண்டு வயர்.

மூணு, ப்ளூடூத் போர்டுக்கும் ஆம்ப்புக்கும் ஒரே பேட்டரில சப்ளை கொடுத்தா "கீ..."ன்னு ஒரு இரைச்சல் வரும். பி. 0505 மாதிரி ஒரு ஐசொலேட்டட் மாட்யூலை ப்ளூடூத்தோட 5 வோல்ட் சப்ளைல போட்டா நின்னுடும். போன்ல ஈக்வலைசர் திறந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ குறைச்சு வைங்க. இந்தப் பெட்டில அந்த பேஸ் எப்படியும் வராது, பேட்டரியை மட்டும் தின்னும்.

காது, கூட்டம், சட்டம்

பையை மாட்டினா ஸ்பீக்கர் பின்னாடி பார்க்கும். அதனால ஊர்வலத்துல மாட்டினவர் முன்னாடி நடக்கணும். வீதி நாடகத்துல கழட்டி ஒரு ஸ்டூல் மேல, உட்கார்ந்திருக்கிறவங்க தலைக்கு மேல வர்ற மாதிரி வைங்க. தரையில வச்சா முதல் வரிசையே சத்தத்தைக் குடிச்சிடும்.

அதிகமா பாதிக்கப்படுறது கூட்டம் இல்ல, பையை மாட்டியிருக்கிறவர். காது ஸ்பீக்கர்ல இருந்து 30 செ.மீ. தூரத்துல இருக்கு. கணக்குப்படி 1 மீட்டரை விட 10 டெசிபல் அதிகம். 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகணும்னு பணியிடப் பாதுகாப்புல ஒரு கணக்கு இருக்கு. 100 டெசிபல்ல அது 15 நிமிஷம்தான். மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற ஃபோம் இயர்பிளக் போட்டுக்கோங்க, 15 நிமிஷத்துக்கு ஒருத்தர்னு ஆள் மாத்துங்க.

இன்னொண்ணு, 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்படி பொது இடத்துல ஒலிபெருக்கி வைக்க எழுத்துல அனுமதி வேணும். இரவு 10-ல இருந்து காலை 6 வரைக்கும் திறந்தவெளியில கூடாது. ஆஸ்பத்திரி, கோர்ட், கல்வி நிறுவனங்களைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். பேட்டரில ஓடுது, பைக்குள்ள இருக்குன்னு விதி மாறாது. கேம்ப் லெட்டர் போடும்போதே ஸ்டேஷனுக்கும் ஒரு லெட்டர் கொடுத்துடுங்க.

சுருக்கமா

பழசா எடுக்கலாம்: ஸ்பீக்கர், பிளைவுட், பஞ்சு, பை, ஸ்விட்ச், ஸ்பீக்கர் வயர், டெஸ்ட்ல பாஸான யூ.பி.எஸ். பேட்டரி.

புதுசா வாங்கணும்: ஃபியூஸ், ஃபியூஸ் ஹோல்டர், சார்ஜர், லித்தியம்னா முழு பேக். முடிஞ்சா ஆம்ப் போர்டு.

எல்லாம் கட்டி முடிச்சதும் நேரா முதுகுல மாட்டாதீங்க. மேஜை மேல வச்சு 2 மணி நேரம் முழு சத்தத்துல ஓட விடுங்க, இயர்பிளக்கோட. அரை மணிக்கு ஒரு தடவை பேட்டரியைத் தொட்டுப் பாருங்க, ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்க, வயர் ஜாயிண்ட்டைத் தொட்டுப் பாருங்க. எதுவும் கையைச் சுடலன்னா பைக்குள்ள வச்சு, ஜிப்பை மூடி, இன்னொரு ஒரு மணி நேரம். அதுலயும் பாஸ் ஆச்சுன்னா மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க.